பழைய காரும் பாய்மரப் படகும்: கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கோடை விடுமுறை இணைப்பில், வீட்டு ஷெட்டில் நிற்கும் பழைய அம்பாசிடரையோ பத்மினியையோ எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி வரை போய்வரலாம், பிள்ளைகளைப் பாய்மரப் படகில் ஏற்றிக் காட்டலாம் என்று எழுதியிருந்தீர்கள். யோசனை அருமை. ஆனால் ‘கிளம்பும் முன் வண்டியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற ஒரே வரியில் மிச்சத்தை முடித்துவிட்டீர்கள். எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்பதுதானே படிப்பவருக்கு வேண்டும்? பழைய வண்டி வழியில் நின்றால் ‘அதுக்கு வயசாயிடுச்சு’ என்று சொல்லிவிடுவது வழக்கம். வயசின் மேல் பழியைப் போட வேண்டியதில்லை. சூடு, இன்றைய பெட்ரோல், உப்புக்காற்று என்ற மூன்றும்தான் இந்தச் சாலையில் பழைய வண்டிக்கு எதிரி. மூன்றையும் ஒரு வாரம் முன்பே வீட்டில் வைத்துச் சமாளித்துவிடலாம்.

பெட்ரோலில் இருந்து தொடங்குகிறோம், அதுதான் புது வில்லங்கம். இப்போது பங்க்குகளில் வருவது இ20, அதாவது நூற்றில் இருபது பங்கு எத்தனால். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் அம்பாசிடர் உற்பத்தி தொடங்கியது 1957இல். நம் வண்டலூரில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வரத் தொடங்கியது 1961இல். பத்மினியின் மூல வண்டியான ஃபியட் 1100 டிலைட் அதற்குச் சில ஆண்டுகள் பிந்தியது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் உள்ள இந்த வண்டிகளின் ரப்பர், கார்க், டயாபிரம் (பம்புக்குள் அசையும் சவ்வு) எதுவும் எத்தனாலை மனதில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. பழைய ரப்பர் ஹோஸ் எத்தனாலில் ஊறி உப்பும், பிறகு வெடிக்கும். விரலால் அழுத்திப் பார்த்தால் பிசுபிசுவென்று கருப்பு ஒட்டினால் அன்றே மாற்றுங்கள். புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிவது வண்டி நிற்கும் பிரச்சினையோடு முடிவதல்ல, தீப்பிடிக்கும் பிரச்சினை. டேங்கில் இருந்து வரும் குழாய் பெரும்பாலும் உலோகம். ரப்பர் இருப்பது டேங்க் முனையிலும் பம்புக்கு முன்னும் பின்னும்தான், எல்லாம் சேர்த்து ஒன்றரை மீட்டருக்குள் அடங்கும். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்ற தரக்குறியை மேலே அச்சிட்ட ஹோஸாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண ஹோஸைவிட விலை கூடுதல்தான், இருந்தாலும் பேரம் பேச வேண்டிய இடம் இதுவல்ல. பம்ப் டயாபிரத்துக்கும் எத்தனால் தாங்கும் கிட் கேட்டு வாங்குங்கள். சென்னையில் ஜி.பி. ரோட்டில் புதுச் சாமான், புதுப்பேட்டையில் பழையது. ரப்பர் சாமானைப் பழையதாக வாங்கவே கூடாது.

எத்தனாலுக்கு இன்னொரு குணம் உண்டு. டேங்க் அடியில் பல வருடமாகப் படிந்த பிசினைக் கரைத்துக் கிளப்பிவிடும். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் புதுப் பெட்ரோல் ஊற்றியதும் முதல் இரண்டு டேங்குக்குள் ஃபில்டர் அடைத்துக்கொள்வது இதனால்தான். ஊருக்குள் 40 கி.மீ. வேகத்தில் ஓடும்போது தெரியாது. மாமல்லபுரம் தாண்டி 70இல் மிதிக்கும்போது வண்டி திக்கும், வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிடும், மறுபடி மிதித்தால் மறுபடி திக்கும். இந்த அறிகுறி தெரிந்தால் கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டு உட்கார வேண்டாம், ஃபில்டரை மாற்றினால் போதும். கண்ணாடி போல உள்ளே தெரியும் இன்லைன் ஃபில்டர் இரண்டும் நான்கு கிளிப்பும் டிக்கியில் இருக்கட்டும். இதற்காகவே பயணத்துக்கு முன் இரண்டு டேங்க் பெட்ரோலை ஊருக்குள் ஓட்டித் தீர்த்துவிடுவது நல்லது.

மூன்றாவது, பெட்ரோலும் காற்றும் சேரும் கலவை. வெறும் பெட்ரோல் எரிய 1 கிலோவுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். இ20க்கு 13.6 கிலோ பக்கம் போதும். கார்புரேட்டரின் பழைய ஜெட் (பெட்ரோல் வரும் நுண்துளை) அதே அளவு எரிபொருளைத்தான் விடும். ஆக, கலவை எட்டு சதவீதம் போல மெலிந்துபோகிறது. மெலிந்த கலவையில் எஞ்சின் காலையில் சோக் இல்லாமல் ஓடாது, ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் ஒரு நொடி தயங்கும், மேட்டில் சூடேறும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நுனி காபித்தூள் நிறத்தில் இருக்க வேண்டியது சுண்ணாம்பு போல வெளுத்திருக்கும். எஸ்யூ வகைக் கார்புரேட்டர் உள்ள அம்பாசிடரில் இதற்குச் சாமான் எதுவும் வாங்க வேண்டாம். அடியில் உள்ள ஆறுபட்டை ஜெட் நட்டை ஒரு பட்டை கீழே இறக்குங்கள், கலவை கெட்டியாகும். எஞ்சின் நன்றாகச் சூடான பின், ஐடிலில் ஓடும்போது, கார்புரேட்டர் பிஸ்டனைச் சிறிய ஸ்க்ரூ டிரைவரால் ஒரு மில்லிமீட்டர் மட்டும் தூக்கிப் பாருங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் கலவை அதிகக் கெட்டி. தடுமாறி அணையப் போனால் மெலிவு. லேசாகக் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. ஒரு தடவைக்கு ஒரு பட்டைக்கு மேல் திருகாதீர்கள். சோலெக்ஸ் போன்ற ஜெட் வைத்த கார்புரேட்டரில் மெயின் ஜெட்டை மாற்ற வேண்டும். எட்டு சதவீதப் பரப்பு கூட, விட்டம் நான்கு சதவீதம் கூடினால் போதும். உள்ளே இருப்பது 120 என்றால் 125 போடலாம், அதற்கு மேல் போனால் புகைதான் மிச்சம். கம்பி விட்டு ஜெட்டைக் குடைந்து பெரிதாக்கும் கைவைத்தியம் வேண்டாம், அளவு போனால் போனதுதான். ஆக்டேன் பூஸ்டர் என்று விற்கும் பாட்டிலுக்கும் இங்கே வேலையில்லை. எத்தனால் கலந்ததில் ஆக்டேன் ஏற்கெனவே இந்தப் பழைய எஞ்சின்களுக்குத் தேவையானதைவிட அதிகம்.

நான்காவது, தண்ணீர். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல் இழுத்ததும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்க் அடிக்குப் போய்விடும், பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். கடலோர வீடுகளில் அரை டேங்க்கோடு இரண்டு மாதம் நிறுத்திய வண்டி கிளம்ப மறுப்பதன் காரணம் பல சமயம் இதுவே. நிறுத்துவதானால் நிறைத்து நிறுத்துங்கள், காற்றுக்கு உள்ளே இடமிருக்காது. வாங்கிய பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று பார்க்கவும் வழி இருக்கிறது. கோடு போட்ட 100 மி.லி. கண்ணாடிக் குழாயில் 10 மி.லி. தண்ணீர் விட்டு, 100 வரை பெட்ரோல் ஊற்றி, மூடிக் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். எத்தனால் முழுக்கத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் நிற்கும். அடி மட்டம் 10இல் இருந்து கிட்டத்தட்ட 28க்கு வந்தால் அது இ20. வெட்டவெளியில், அடுப்பு, சிகரெட் எதுவும் அருகில் இல்லாமல் செய்யுங்கள். பங்க்குகள் கலப்பு விகிதத்தைப் பம்பின் மேல் பெரிய எழுத்தில் ஒட்டிவைத்தால் இந்தக் குழாய் வேலையே வேண்டாம். எண்ணெய் நிறுவனங்களிடம் அதையாவது கேட்டு எழுதுங்கள்.

அடுத்தது சூடு. மே மாத மதியத்தில் வண்டி நின்றால் காரணம் பெட்ரோலா, கரண்டா என்று முதலில் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். இரண்டும் ஒரே மாதிரித்தான் நடிக்கும்: ஓடிக்கொண்டே இருந்து அணையும், அரை மணி ஆறினால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலில் இருந்து, அதைப் பிளக்குகளுக்குப் பிரித்துக்கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் தடித்த வயரை மூடியிலிருந்து உருவி, ரப்பர் பிடி போட்ட பிளையரால் பிடித்து, எஞ்சின் பிளாக்கில் இருந்து 6 மி.மீ. தள்ளி வைத்து, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் பெட்ரோல் வாடை, கசிவு எதுவும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொறி நீலமாக, சத்தத்தோடு பாய்ந்தால் கரண்ட் சரி, பெட்ரோல்தான் வரவில்லை. பொறி மஞ்சளாக, இளைத்து வந்தால் காயிலோ கண்டென்சரோ சூட்டில் களைத்திருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, கரண்டை விட்டுவிட்டுத் தரும் பிளாட்டினம் பாயிண்ட்டைப் பாருங்கள். கருகி ஒரு பக்கம் மேடும் எதிர்ப்பக்கம் பள்ளமுமாக இருந்தால் கண்டென்சரை மாற்ற வேண்டும். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) இல்லாமல் கண்ணளவில் வைக்கும் மெக்கானிக்குகளின் கண்ணை நாங்கள் மதிக்கிறோம், ஆனாலும் கேஜ் கையில் இருக்கட்டும். இன்று வரும் சில கண்டென்சர்கள் பெட்டியைப் பிரித்த அன்றே போய்விடுகின்றன. ஆகவே ஸ்பேர் என்று வைத்திருப்பதை வீட்டிலேயே மாட்டி ஐம்பது கிலோமீட்டராவது ஓட்டிப் பார்த்துவிட்டு, கழற்றி டிக்கியில் வையுங்கள். ஓட்டிப் பார்க்காத ஸ்பேர் ஸ்பேரே இல்லை.

பொறி சரியாக இருந்து பெட்ரோல் வரவில்லை என்றால், மெக்கானிக்குகள் ஏர்லாக் என்பார்கள். பம்ப் எஞ்சின் பிளாக்கிலேயே உட்கார்ந்திருப்பதால் பெட்ரோல் உள்ளேயே ஆவியாகிவிடுகிறது, பம்ப் ஆவியைத் தள்ள முடியாமல் சும்மா அடித்துக்கொண்டிருக்கும். சூடான வண்டியை நிழலில் பத்து நிமிடம் டீக்காக நிறுத்தினால்தான் இது அதிகம் வரும், ஏனென்றால் ஃபேன் நின்றதும் பானெட்டுக்குள் சூடு உடனே ஏறுகிறது. டீக்கு நிறுத்தும்போதே பானெட்டைத் தூக்கிவிடுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விடும். வந்துவிட்டால் பம்பின் மேல் ஈரத்துணி போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். துணி டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் சொட்டக் கூடாது. நிரந்தர வழி, பம்பில் இருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாய் எக்ஸாஸ்ட்டில் இருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, நெருக்கமான இடத்தில் சூடு தாங்கும் உறை மாட்டுவது.

ரேடியேட்டர் விஷயத்தில் நம் ஊரில் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. சூடேறுகிறது என்றதும், சூட்டைப் பொறுத்துத் தண்ணீரை விடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது. காரணம் வேறெங்கோ இருக்கும்: அடைத்த ரேடியேட்டர், தளர்ந்த பெல்ட், அழுத்தம் தாங்காத மூடி. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சூடேறவே நேரமெடுக்கும், பெட்ரோலைக் குடிக்கும், ஆயிலில் கசடு சேரும். சந்தேகம் என்றால் அதைக் கழற்றி ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வையுங்கள். தண்ணீர் கொதிக்கும் முன்பே வால்வு திறந்துவிட வேண்டும், திறக்கவில்லை என்றால் புதிது போடுங்கள். ஃபேன் பெல்ட்டைக் கட்டை விரலால் நடுவில் அழுத்தினால் 12 மி.மீ. போல அமுங்க வேண்டும். ரேடியேட்டரின் முன்பக்கக் கண்களில் பூச்சியும் மண்ணும் அடைத்திருந்தால் எஞ்சின் பக்கத்தில் இருந்து முன்னோக்கித் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், முன்னால் இருந்து அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும்.

ஐந்து லிட்டர் கேனில் தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். கடற்கரை ஊர்களில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. ஆத்திர அவசரத்துக்கு ஊற்றினால் ரேடியேட்டருக்குள் உப்புப் படிந்து அடுத்த கோடையில் அதன் பலன் தெரியும். வண்டி சூடேறி முள் சிவப்புக்குப் போய்விட்டாலும் ஆவி வரவில்லை என்றால் உடனே அணைக்காதீர்கள். நியூட்ரலில் போட்டு 1500 சுற்று அளவுக்கு ஆக்ஸிலேட்டரைப் பிடித்தால் ஃபேனும் தண்ணீர் பம்பும் வேகமாகச் சுற்றி முள் இறங்கும். ஆவி வந்துவிட்டால் அணைத்து, பானெட்டைத் திறந்து, குறைந்தது அரை மணி நேரம் மூடியைத் தொடாதீர்கள். பிறகு தடித்த துணி போட்டு முதல் படி வரை மட்டும் திருகி, அழுத்தம் போன பின் கழற்றுங்கள். தண்ணீரை எஞ்சின் ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். கொதிக்கும் பிளாக்கில் பச்சைத் தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டினால் ஹெட் வெடித்து, பயணத்தோடு அந்த மாதச் சம்பளமும் போகும். முள்ளைக் கவனிக்கும் வேலையைப் பின்சீட்டில் இருக்கும் பத்து வயசுப் பிள்ளையிடம் கொடுங்கள். ஓட்டுநரைவிட ஒழுங்காகப் பார்ப்பார்கள், போன் கேட்டுத் தொந்தரவும் செய்ய மாட்டார்கள்.

வால்வைத் திறக்கும் டாப்பெட் பற்றி ஒரு வார்த்தை. ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு நின்றுபோனது. பழைய எஞ்சின்களின் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்கு (வால்வு வந்து உட்காரும் வளையம்) அந்த ஈயம்தான் காப்பு. கெட்டிச் சீட் போடாத ஹெட்டில் சீட் தேய்ந்து வால்வு உள்ளே போகும், டாப்பெட் இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வரும். டாப்பெட் சத்தமே இல்லை என்று சந்தோஷப்படுவது இந்த வண்டிகளில் சரியல்ல. அம்பாசிடரில் பார்ப்பது சுலபம்: 8ஆவது வால்வு முழுக்க அமுங்கி நிற்கும்போது 1இன் இடைவெளியைச் சரிசெய்யுங்கள், 7 அமுங்கும்போது 2இன் இடைவெளியை, கூட்டினால் எப்போதும் 9. ஒரே வால்வு ஒவ்வொரு முறையும் இறுகியே இருந்தால் ஹெட்டைக் கழற்றிச் சீட் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

பிரேக், டயர், சீட் பெல்ட் மூன்றையும் சுருக்கமாகச் சொல்கிறோம், இவை தெரிந்தவையே. பழைய மாடல்களில் பிரேக்குக்கு ஒரே சர்க்யூட், ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. ஹோஸில் கீறல் தெரிந்தால் மாற்றுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுதாக மாற்றுங்கள். ஹேண்ட் பிரேக் அலங்காரமாக இல்லாமல் உண்மையில் பிடிக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறேழு வருடம் தாண்டிய டயரில் குடும்பத்தை ஏற்றாதீர்கள், ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள். முன்னால் ரேடியல் பின்னால் நைலான் என்று கலந்து போட்டால் ஈரச் சாலைத் திருப்பத்தில் பின்பக்கம் வீசும். சீட் பெல்ட் இல்லாத வண்டியில் பெல்ட் போடும்போது வெறும் தகட்டில் ஓட்டை போட்டு போல்ட் முறுக்குவது ஏமாற்று வேலை, முதல் இடியிலேயே தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு எஃகுத் தகடு வைத்து, வலுவான இடமாகப் பார்த்து மாட்ட வேண்டும். முன்சீட் நீளமாக இருக்கிறதே என்று நடுவில் குழந்தையை நிற்க வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

காகித விஷயத்தில் உங்கள் கட்டுரையில் ஒரு குழப்பம் இருந்தது. ‘பழைய காருக்கு வின்டேஜ் பதிவு வாங்கிக்கொண்டால் கவலையில்லை’ என்று எழுதியிருந்தீர்கள். 2021இல் வந்த மத்திய விதிப்படி வின்டேஜ் பதிவு 50 வருடத்துக்கு மேற்பட்ட, மூல அமைப்பு மாறாத வண்டிகளுக்கு மட்டுமே. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். ஆனால் அந்தப் பதிவு வாங்கிய வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, வின்டேஜ் ரேலி, ஆராய்ச்சி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் நிரப்புவது போன்றவற்றுக்கு மட்டும் அனுமதி. குடும்பத்தோடு புதுச்சேரிக்கு இட்லி சாப்பிடப் போவது அந்தப் பட்டியலில் இல்லை. சுற்றுலா போக வேண்டும் என்றால் சாதாரணப் பதிவையே வைத்துக்கொண்டு, 15 வருடத்துக்குப் பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டு வர வேண்டும். இன்சூரன்ஸும் புகைச் சான்றும் தனி.

உப்பு. மரக்காணம் உப்பளத்துப் பக்கம் காற்றிலேயே உப்பு இருக்கிறது. பளபளப்பான மேல்பகுதியைக் கழுவிப் பயனில்லை, அரிப்பது அடியில். கதவின் கீழ்விளிம்பில் தண்ணீர் வடியும் சிறு துளைகள் மண்ணடைத்திருக்கும், ஒரு குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். ஊர் திரும்பிய மறுநாளே ஜாக்கி வைக்கும் இடம், சக்கர வளைவின் உட்புறம், டிக்கித் தரை இவற்றில் நல்ல தண்ணீரை அழுத்தமாக அடித்து, வெயிலில் காய விடுங்கள். கடற்கரை விடுதியில் இரண்டு மூன்று நாள் தங்கினால் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தாதீர்கள், டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும். மணலுக்குள் இறக்கிப் படம் எடுக்கும் ஆசையில் மாட்டிக்கொண்டால், மிதிக்க மிதிக்கப் புதையும். டயர் காற்றை 15 பி.எஸ்.ஐ.க்கு இறக்கி, இரண்டாவது கியரில் மெதுவாக எடுங்கள், ரோடு ஏறியதும் கைப்பம்பால் காற்றை ஏற்றுங்கள்.

இனி படகு. உங்கள் கட்டுரையின் படத்தில் மூன்று குழந்தைகள், ஒருவர் உடம்பிலும் உயிர்க்கவசம் (லைஃப் ஜாக்கெட்) இல்லை. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் விடுமுறைக்கு வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிப் படகு ஆட்களை ஏற்றிச் சுற்றிக்காட்டப் பதிவு பெற்றதல்ல. அதன் ஓட்டி கடலை எவ்வளவு அறிந்தவராக இருந்தாலும், நீந்தத் தெரியாத பத்துப் பேர் ஒரே பக்கம் எழுந்து நின்றால் அவர் என்ன செய்வார்? பாய்மரம் பழக வேண்டுமானால் சென்னைத் துறைமுகத்துக்குள் 1911 முதல் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போல, பயிற்றுநரும் மீட்புப் படகும் உள்ள இடத்துக்குப் போங்கள். புதுச்சேரியிலும் பாய்மரச் சவாரி நடக்கிறது. எங்கே போனாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: படகு கவிழ்ந்தால் எங்களை எடுக்க வரும் மோட்டார் படகு எது, இப்போது எங்கே நிற்கிறது?

கவசத்தை மாட்டிக்கொண்டால் மட்டும் போதாது, அளவு பார்க்க வேண்டும். குழந்தைக்கு மாட்டி எல்லா வாரையும் இறுக்கிய பின், தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்குங்கள். கவசம் காது வரை ஏறினால் அது பெரிய அளவு, தண்ணீரில் குழந்தை கீழே நழுவிவிடும். சிறு குழந்தைகளுக்குக் கால்களுக்கிடையே போகும் வார் கட்டாயம். எத்தனை கிலோ எடைக்கு என்று உட்புறம் எழுதியிருக்கும். அந்த எழுத்து அழிந்துபோன கவசம் என்றால் அதன் நுரையும் வயதானதாகத்தான் இருக்கும், வேறு கேளுங்கள்.

காற்றைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னைக் கரையில் கோடைக் காலையில் தரையில் இருந்து கடலுக்கு வீசும் மேல்காற்று. முற்பகல் 11இல் இருந்து பிற்பகல் 2க்குள் அது அடங்கி, கொஞ்ச நேரம் அசைவே இல்லாமல் இருந்து, பிறகு தென்கிழக்கில் இருந்து கடல்காற்று எழும். காலைக் கடலைக் கரையில் நின்று பார்த்தால் தட்டையாக, சாதுவாகத் தெரியும். புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். கரைக்கு அருகில் அலையில்லாமல் இருப்பதே காற்று வெளிநோக்கி அடிப்பதால்தான். போவது சுகமாக இருக்கும், திரும்ப வருவதற்கு எதிர்க்காற்றில் குறுக்கும் நெடுக்குமாக ஓட வேண்டும். ஆகவே மேல்காற்றில் குடும்பத்தோடு கரையை விட்டுத் தூரம் போகாதீர்கள். கடல்காற்று எழுந்த முதல் ஒரு மணி நேரம், வேகம் 10 நாட் (கடல் வேக அளவு) தாண்டாமல், அதாவது மணிக்கு 18 கி.மீ.க்குள் இருக்கும்போது கற்றுக்கொள்வதற்கு நல்லது. அப்போதும் முதலில் தெற்கே போங்கள். காற்று தென்கிழக்கு, கோடையில் நீரோட்டமும் வடக்கு நோக்கி. களைப்பில்லாத நேரத்தில் எதிர்த்துப் போய்விட்டால், பிள்ளைகள் சோர்ந்து வெயிலில் சிணுங்கும் நேரத்தில் காற்றும் நீரும் சேர்ந்து வடக்கே கொண்டுவந்து விடும். கடல் முழுக்க வெள்ளை நுரை தெரிந்தால் அன்றைக்குக் குடும்பச் சவாரி இல்லை. ஜூன், ஜூலையில் மாலை நேரம் மேற்கே தரை மேல் கருமேகம் திரண்டால் இடியோடு வரும் காற்று சில நிமிடங்களில் திசையையும் வேகத்தையும் மாற்றிவிடும். பாயை அப்போதே இறக்க வேண்டும், மேகம் தலைக்கு மேல் வந்த பிறகு அல்ல. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் இந்தக் கரையில் பொழுதுபோக்குப் பாய்மரம் வேண்டாம்.

முகத்துவாரங்கள் தனி ஆபத்து. கழிமுகத்தில் இருந்து வற்றுநீர் வெளியே ஓடும் நேரத்தில் கடலலை எதிரே வந்தால், அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழுந்து அதே இடத்தில் உடையும். பத்து நிமிடம் முன்பு தாண்டிய அதே வாயை மறுபடி தாண்ட முடியாது. ஏற்றம் முடிந்து நீர் நிற்கும் நேரத்தில் மட்டுமே கடக்க வேண்டும். காற்றே இல்லாத நாளில் எங்கோ தூரத்துப் புயலில் பிறந்த பேரலை வந்து கரையை அடிப்பதும் உண்டு, கள்ளக்கடல் என்பார்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. 2024 மே மாதம் அப்படி எச்சரிக்கை இருந்த நாளில்தான் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போனார்கள். வானம் தெளிவாக இருப்பதை மட்டும் பார்த்துக் கடலுக்குப் போகக் கூடாது.

படகுக்குள் அதிகம் அடிபடுவது தலைதான். பாயின் அடியில் உள்ள பூம் என்ற குறுக்குக் கம்பம், காற்று மாறியதும் ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் சட்டென்று வீசும். சுக்கானைப் பிடித்திருப்பவர் திருப்பும் முன் ‘தலை!’ என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், எல்லோரும் குனிந்த பிறகே திருப்ப வேண்டும். பெரிய பாயின் கயிற்றைக் கட்டிப் போட்டுவிட்டுக் கதை பேசாதீர்கள். அது கையில் இருந்தால், திடீர்க் காற்றில் படகு சாயும்போது விட்டுவிட்டால் போதும், படகு தானே நிமிரும். கவிழ்ந்தே விட்டாலும் கரை பக்கம்தானே என்று நீந்தப் புறப்படாதீர்கள். படகைப் பிடித்துக்கொண்டே இருங்கள், மீட்க வருபவர் கண்ணுக்கு ஒரு தலையைவிடக் கவிழ்ந்த படகு முதலில் தெரியும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் இழுக்கும். துப்பட்டாவைப் பின் குத்திக்கொள்ளுங்கள், கப்பியில் சிக்கும். குமட்டுகிறவரைப் படகின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் உட்கார வைத்து, கண்ணைத் தொடுவானத்தில் வைக்கச் சொல்லுங்கள், கீழே குனிந்து போன் பார்ப்பதுதான் குமட்டலைக் கிளப்புகிறது. காலையில் பூரியைத் தவிர்த்து இரண்டு இட்லி போதும். தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். கார்ச் சாவியை நீர்புகாப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள், மாற்றுச் சாவி கரையில் ஒருவரிடம் இருக்கட்டும். அம்பாசிடர் சாவிக்கு உப்புத் தண்ணீர் பயமில்லை, கடலடிக்குப் போய்விட்டால்தான் கஷ்டம்.

கிளம்பும் முன் எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லுங்கள். கடலோரக் காவல் படைக்கு 1554, தமிழகக் காவல் துறையின் கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093. இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். விடுமுறை இணைப்பு வரும் ஒவ்வொரு வாரமும் அதில் ஒரு சிறிய பெட்டியில் அந்தச் சனி, ஞாயிறுக்கான ஏற்ற இறக்க நேரம், இன்காய்ஸ் தரும் அலை உயரம், துறைமுகத்தில் ஏற்றியிருக்கும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண் மூன்றையும் வெளியிடுங்கள். எல்லாம் பொதுவில் கிடைக்கும் தகவல்தான். இரண்டு அங்குல இடம் போதும்.

இப்படிக்கு,
பழைய கார், பாய்மரப் படகு ஆர்வலர்கள் சிலர்,
திருவான்மியூர், சென்னை.